நலிவு நீக்கும் நடை

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து இல்லந் திரும்பிய அம்மையார் ஒருவரைக் காணச் செல்வோர் அவர்க்குக் கூறும் முதன்மொழி யாது? "படுத்திருங்கள், எழுந்திராதீர்கள்" என்பதே. மகள் கையிலுள்ள செம்பை வாங்கிக் கொள்கிறாள். மருமகள் துடைப்பத்தை ஒளித்து வைக்கிறாள். கணவர் வாயிற்படியிலேயே நாற்காலியை இட்டு, அதற்கப்பால் அடி வைத்தலாகாது என்கிறார். இவை யாவும் அன்பின் செயல்களே. ஆயினும் இவ்வன்பு சில வேளைகளிற் பிணியாளர்க்குத் தீங்காய் முடிதலும் உண்டென்பதை இவ்வாண்டு மலர் வாயிலாக எடுத்துரைக்கத் துணிகின்றோம்.

நாளெல்லாம் நெல்லறுத்தவர் களைப்பும், பரீட்சைக்கென இரா முழுதும் விழித்த மாணவர் களைப்பும் ஓர் உறக்கத்தில் ஒழியும். புற்றுநோய்ச் சிகிச்சையாலுண்டாகும் அயர்ச்சியோ, உறங்கி எழுந்தாலும் உடனெழுவது. சிகிச்சை முடிந்து மாதங்கள் பலவும், சிலர்க்கு ஆண்டுகளும் கடந்தும் நீடிப்பது. இந்நோயினின்று மீண்டு பணிக்குத் திரும்பிய ஆசிரியை ஒருவர், மாடி வகுப்பிற்குப் படியேறிச் சென்றபின் அன்று நடத்தவேண்டிய பாடம் எதுவெனவே மறந்து நின்றதாக எம்மிடம் கூறினார். "தலைமயிர் வளர்ந்துவிட்டது, இனி நலந்தானே என்கிறார்கள். சோர்வென்று சொன்னாற் சோம்பல் என்பார்களோ என அஞ்சி வாளாவிருக்கிறேன்" என்றார் அவர். இச்சொல் எம் நெஞ்சை விட்டகலவில்லை.

படுக்கையே தஞ்சமாயின் தசை மெலியும். நெஞ்சும் நுரையீரலும் உழைப்பைத் தாங்கும் வலியை இழக்கும். பின்னர்ச் சிறு வேலையும் பெருஞ்சுமையாம். அதற்கஞ்சி மீண்டும் படுக்கை. படுக்கையால் மீண்டும் மெலிவு. இச்சுழலினின்று வெளிப்போதற்கு எளிய வழி நடையேயாம். அமெரிக்க நாட்டுச் செவிலியல் ஆராய்ச்சியாளர் விக்டோரியா மாக் என்பாரும் அவர்தம் குழுவினரும், மார்பகப் புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றுவந்த 46 பெண்டிரை ஆய்ந்து 1997-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தத்தம் இல்லத்தருகே தமக்கியன்ற வேகத்தில் நடந்தோர்க்கு, நடவாதோரினும் அயர்ச்சி குறைந்திருந்தது, உறக்கமும் நன்கமைந்தது. 2017-இல் 113 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கிய அறிஞரும், இவ்வயர்ச்சிக்கெனக் கொடுக்கப்படும் மருந்துகளினும் உடற்பயிற்சியே மிகுந்த பயன் தருவதாகக் கண்டனர். வாரத்திற்கு மூன்று முறை, முறைக்கு அரைமணி நேரம், பன்னிரண்டு வாரமேனும் என்பது 2019-இல் வெளியான வழிகாட்டுதலின் அளவு.

அரைமணியென்றதும் மலைத்தல் வேண்டா. முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். வாரந்தோறும் சிறிது சிறிதாய்க் கூட்டிக்கொள்ளலாம். உடன்வருவோரிடம் பேச இயலவேண்டும், பாட இயலாதிருக்கவேண்டும். அதுவே தக்க வேகம். தளர்ச்சி மிக்க நாளிற் பாதித் தொலைவோடு திரும்புதல் இழுக்கன்று. காய்ச்சல், தலைச்சுற்றல், மார்புவலி உள்ளபோது நடத்தலாகாது. இரத்தச்சோகையும் தைராய்டுச் சுரப்பியின் குறையும் இதே சோர்வைத் தரக்கூடுமாதலின் அவற்றை முதற்கண் சோதித்தறிதல் வேண்டும். எலும்பிற் பரவிய நோயுடையாரும், சிகிச்சையால் இதயம் நலிந்தாரும் மருத்துவர் சொற்படியே நடத்தற்குரியர்.

அடுக்களைக்கும் கொல்லைக்கும் நாளெல்லாம் நடக்கிறாளே, அது போதாதோ என வினவுவாரும் உளர். போதாது. அடுப்பு அழைக்க ஓடுவதும் இடையில் நிற்பதும் உடம்பைக் களைக்கச் செய்யுமேயன்றி, இடையறாத நடையின் பயனைத் தாரா. (ஈண்டு அறிவுரை கூறும் யாமும் உணவுச்சாலைக்கு வண்டியேறிச் செல்லும் இனத்தவரே. அன்பர்கள் பொறுத்தருள்க.)

ஆயின் அவ்வம்மையார் எங்கே நடப்பார்? எம் ஊர்த் தெருவில் நடைபாதை கடைப்பொருள்களுக்கு இடமாயிற்று. விடியலில் நாய்களின் ஆட்சி. இவற்றினுங் கொடியது அயலார் பார்வை. தலையிற் சுற்றிய துணியையும் தளர்ந்த நடையையும் நோக்கி, "என்னம்மா இப்படி ஆகிவிட்டீர்கள்?" என ஒருவர் கேட்டால், மறுநாள் அவர் வாயிற்படி தாண்டுவாரோ? மருத்துவர் சீட்டில் நடையென எழுதுதல் எளிது. நடக்க இடமும் உடன்வரத் துணையும் அளிப்பது ஊராரிடத்தன்றோ உளது!

நம் கல்லூரி விளையாட்டுத் திடலின் ஓட்டப்பாதை ஒரு சுற்றுக்கு 400 மீட்டர். ஐந்து சுற்று மெல்ல நடப்பின் அரைமணி ஆகும். மரநிழலும் அமர்தற்குக் கல்லிருக்கைகளும் அங்குண்டு. காலை ஆறு முதல் ஏழரை வரை அத்திடல் பெரும்பாலும் வெறுமையாயிருப்பதை யாம் பன்முறை கண்டுள்ளோம். பழைய மாணவியர்க்கும், பணியாளர் இல்லத்தார்க்கும், அக்கம்பக்கத்து அம்மையார்க்கும் அந்நேரத்தில் அதனைத் திறந்துவிடுமாறு நிருவாகத்தாரை வேண்டுகின்றோம். சமூகப்பணி மாணவியர் இருவர் இருவராய் முறைவைத்து உடன்நடக்கலாம்; கேள்வி கேளாமல் நடக்கலாம். மேற்கு வாயிலின் திறவுகோல் காவலரிடமே உள்ளது.