குழாய் போதும், குளிர்ப்பெட்டி வேண்டாம்

சிற்றுயிர்களைப் படமெடுக்க விலையுயர்ந்த மாக்ரோ லென்ஸ் இல்லையே என்று ஏங்குவோர் நம்மிடையே பலர். அவ்வேக்கம் வேண்டா. எக்ஸ்டென்ஷன் டியூப் என்னும் நீட்டிப்புக் குழாயில் கண்ணாடியே கிடையாது, வெறும் வளையந்தான். காமிராவுக்கும் 50 மி.மீ. லென்சுக்கும் இடையே 50 மி.மீ. குழாயைப் பொருத்தினால், பூச்சியின் உருவம் சென்சாரில் உண்மை அளவிலேயே விழும்.

ஆயினும் ஒன்றைப் பெற ஒன்றை இழக்கத்தான் வேண்டும். அந்நிலையில் ஒளி நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. தெளிவாக விழும் ஆழமோ மயிரிழை. சிலந்தியின் கண் தெளிந்தால் கால் மங்கும். இதற்கு அஞ்சிச் சிலர் பூச்சியைப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் அடைத்து, விறைத்த பின் படமெடுக்கின்றனர். இது தகாத செயல் என்பது என் துணிபு. விறைத்துக் கிடக்கும் உயிரின் படம் அதன் வாழ்வைக் காட்டுமா?

தாணே வட்டாரத்தில் கண்டெடுத்த புதிய குதிக்கும் சிலந்தி இனம் ஒன்றை ஆய்வாளர்கள் 2021-இல் அறிவித்தனர். 2008 மும்பைத் தாக்குதலில் கஸாபைப் பிடித்து உயிர் நீத்த காவல் துறை வீரர் துக்காராம் ஓம்பளேயின் நினைவாக, அதற்கு 'ஐசியஸ் துக்காராமி' என்று பெயரிட்டனர். இனத்தை வரையறுக்க ஆய்வாளர் மாதிரி சேகரிப்பது வேறு. நம் ஆல்பத்துக்காக ஓர் உயிரை வதைப்பது வேறு அன்றோ?

விடியற்காலைக் குளிரில் பூச்சிகள் தாமே அசைவற்றிருக்கும். காட்டுக்குப் போக வேண்டியதில்லை. விடுதித் தோட்டமே போதும். குழாயுடன் கொஞ்சம் முன்னதாக எழுந்திருங்கள்!