அட்டவணைக்கு ஏற்ற ஆடை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் நாட்டுப் பழமொழி. மக்களுக்குச் சொல்லப்பட்ட அம்மொழி அட்டவணைக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற பொங்கலின்போது நாம் கற்றுக்கொண்டோம். கற்றதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. அதனைக் கொடுத்தவரும் நாமல்லோம். ஆகவே நடந்ததை மறையாது கூறுதல் கடமையெனக் கருதி, இத்திங்கள் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகின்றோம்.

கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களின் நிலத்தில், 1978ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் அமைத்ததே நாம் வாழும் எலெக்ட்ரானிக் சிட்டி. பிழைப்பை நாடி இங்கு வந்த நம்மவர்க்கு ஊர் செல்லும் வழியாக அமைந்தது ஹீலலிகே ரயில் நிலையம். அவ்விருப்புப்பாதை ஓசூர், தருமபுரி, ஓமலூர் வழியாகச் சேலத்தை அடைகின்றது.

ரயில்வே எழுத்தர் என்பதால், பொங்கலுக்கு ஊர் செல்வோர்க்கென வண்டிகளின் அட்டவணை ஒன்றைச் சங்கத்தின் வலைப்பக்கத்துக்குச் செய்து தருமாறு நம்மைப் பணித்தனர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவராயினும், கணிப்பொறியில் சிறிது பழக்கம் உண்டு. மகிழ்வோடு இசைந்தோம். தலைப்புக்குக் கருநீலம், கட்டங்களுக்குத் தடித்த செங்கோடு, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நிறம் என அழகு செய்தோம். வண்டியின் எண், பெயர், புறப்படும் நேரம், சேரும் நேரம் ஆகியவற்றை வரிசையாக இட்டு, அவ்வண்டி ஓடும் கிழமையைக் கடைசிப் பத்தியில் சிற்றெழுத்தில் வைத்தோம். அகன்ற திரையில் அது தேர்ச்சீலை போல் விளங்கிற்று. நாமும் பூரித்தோம்.

நீலாத்ரி சாலையருகே வாழும் தொழிலாளர் குடும்பம் ஒன்று அந்த அட்டவணையை நம்பிற்று. அவ்வீட்டு அம்மையாரின் தந்தையார் தருமபுரி மருத்துவமனையில் இருந்தார். மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை. இரவு வண்டியைப் பிடிக்க இரு குழந்தைகளோடு நிலையம் சென்றனர். அந்தக் கிழமையில் அவ்வண்டி ஓடுவதில்லை. பின்னர் ஓசூர் சாலைக்கு வந்து, பொங்கல் நெரிசலில் பேருந்து தேடி, நின்றபடியே சென்றனர். அவர்கள் சேர்ந்தபோது பெரியவரை உள்ளே கொண்டுபோய்விட்டனர். போகுமுன் இருமுறை மகளைக் கேட்டாராம். நல்ல காலம், அவர் நலம்பெற்று வீடு திரும்பினார்.

செய்தியறிந்து அவர் இல்லம் சென்றோம். அம்மையார் சினந்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ, “நீங்கள் எழுதியது சரியாகத்தான் இருக்கும், அண்ணா. எங்களுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை” என்றார். அவருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தோம். சிறு திரையில் மூன்று பத்திகளே தெரிந்தன. கிழமைப் பத்தி வலப்புறத்தில் திரைக்கு அப்பால் ஒளிந்து நின்றது. விரலால் தள்ளினால் வரும். தள்ள வேண்டும் என்பதை அறிவிக்க அங்கு ஒன்றுமில்லை. பிழை அம்மையாரின் கண்ணில் இல்லை. நாம் தைத்த ஆடையில் இருந்தது.

அதன்பின், கணிப்பொறித் தொழில் புரியும் சங்கத்து இளைஞர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்தோம். அவர் உரைத்ததன் சாரம் இது. வலைப்பக்கத்தில் அட்டவணையின் உடலை அமைப்பது எச்.டி.எம்.எல்.; அதற்கு ஆடை உடுத்துவது சி.எஸ்.எஸ். இவ்விரண்டும் வேறாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்தோடு, 1994ஆம் ஆண்டு அக்டோபரில் ஹோகன் வியும் லீ என்னும் நார்வே நாட்டறிஞர் சி.எஸ்.எஸ். முறையை முன்மொழிந்தார். ஹாலந்து நாட்டு பெர்ட் பாஸ் அவருடன் இணைந்தார். 1996 டிசம்பரில் அதன் முதற்பதிப்பும், அட்டவணைகளுக்கென விரிவான விதிகளைக் கொண்ட இரண்டாம் பதிப்பு 1998 மே திங்களிலும் வெளிவந்தன. உடலும் உடையும் வேறானமையால், எழுத்தில் கைவையாமலே தோற்றத்தை மாற்றலாம். ஒரே அட்டவணைக்கு அகன்ற திரையில் ஓர் ஆடையும் கைபேசியில் வேறோர் ஆடையும் உடுத்தலாம்.

கற்ற விதிகளுள் சில வருமாறு. ஒவ்வொரு கட்டமும் தனக்கெனக் கோடு கொண்டால் இரட்டைக் கோடுகள் தோன்றிக் கண்ணை மயக்கும். அடுத்தடுத்த கோடுகளை ஒன்றாக்கும் கட்டளை உண்டு. அதனை இட்டு, மெல்லிய கோடாக வைத்தலே நன்று. பெயர்கள் இடப்புறம் ஒட்டி நிற்க வேண்டும். தொகைகள் வலப்புறம் ஒட்டி, ஒன்றின்கீழ் ஒன்று, பத்தின்கீழ்ப் பத்து என நிற்க வேண்டும். எல்லா இலக்கங்களும் ஒரே அகலம் பெறுமாறும் கட்டளையிடலாம். நம் பேரேடுகளில் முன்னோர் கையால் செய்தது இதுவே. வரிசை நீண்டதாயின் ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு வெளிறிய நிறம் தீட்டினால், பார்வை அடுத்த வரிசைக்கு வழுக்கிச் செல்லாது.

நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லுதல் தவறு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதார் நம்மிடையே உளர். ரயில் ஓட்டுநர்க்கு நிறப்பார்வைச் சோதனை நடத்துவது இதனாலன்றோ? ஓடாத நாளைச் சிவப்பால் காட்டாமல், ‘ஞாயிறு இல்லை’ என்று எழுத்தால் கூற வேண்டும். பார்வையற்றோர்க்குக் கணிப்பொறியே பக்கத்தைப் படித்துக் காட்டுகின்றது. தலைப்புக் கட்டத்தை வெறும் தடித்த எழுத்தாக எழுதாமல், தலைப்புக்கு உரிய குறியால் குறித்தால்தான், ‘புறப்படும் நேரம்’ என்று சொல்லி அதன்பின் நேரத்தை அது சொல்லும்.

யாவற்றினும் தலையாயது ஒன்று. எதனை அறியாவிடின் படிப்பவர்க்குத் தீங்கு நேருமோ, அதனை முதலில் வைத்தல் வேண்டும். வண்டியின் எண் நமக்கு முதன்மையானது, நாம் எழுத்தர். பயணிக்கு முதன்மையானது, ‘இன்று வண்டி உண்டா?’ என்பதே. நாம் நம் மேசையிலிருந்து அட்டவணை செய்தோம். நடைமேடையில் நிற்பவரிடமிருந்து செய்யவில்லை.

புதிய அட்டவணையில் கிழமை முதற்பத்தியாயிற்று. கீழே செல்லச் செல்லத் தலைப்பு மேலே நிலைத்து நிற்கின்றது. சிறு திரையில் ஒவ்வொரு வண்டியும் தனித்தனிச் சீட்டாகப் பிரிந்து முழுமையாகத் தெரிகின்றது. நள்ளிரவுக்குப்பின் 00.20 மணிக்கு வரும் வண்டி எனின், ‘வெள்ளி இரவு கழிந்து, சனி பிறந்தபின்’ என்று விளக்கமும் எழுதினோம். செங்கோடும் கருநீலமும் போயின; இப்போது அது தேர்ச்சீலை போலில்லை, சலவை செய்த வெள்ளை வேட்டி போலிருக்கின்றது.

வெளியிடுமுன் அதனை அவ்வம்மையாரிடமே முதலில் கொண்டு சென்றோம். கைபேசியைக் கையில் கொடுத்து, வாய் திறவாது நின்றோம். “ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டி கிடையாது போலிருக்கிறதே, அண்ணா” என்றார். அச்சொல்லே நாம் பெற்ற தேர்ச்சிச் சான்று.

அன்பர்களே, சங்கத்தின் வரவு செலவாயினும், பிள்ளைகளின் தேர்வு நாளாயினும், நீங்களும் அட்டவணை எழுதுவீர்கள். எழுதியபின், அதனை அறியாத ஒருவரிடம் சிறிய திரையில் காட்டி, ஒரு கேள்வி கேளுங்கள். அவர் விரல் தடுமாறினால் அவரைத் திருத்தாதீர்கள், அட்டவணையைத் திருத்துங்கள்.