“பாவம்” என்று சொல்லுமுன்…

போன வாரம் ஒரு சாயந்திரம். புதுமடம் கடற்கரையிலிருந்து உப்புக்காற்று சிலுசிலுவென்று வந்துகொண்டிருந்தது. நான் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஏழாவது படிக்கும் என் மகள், பேச்சுப் போட்டிக்காகச் சகோதரி சுப்பலட்சுமியைப் பற்றி உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

“கல்வியாளர், சமூக சீர்திருத்தவாதி, தியாகச் சுடர்… உம்மா, இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்!”

“வார்த்தை கிடக்கட்டும். அவங்க என்ன செஞ்சாங்கன்னு முதல்ல சொல்லு!”

திருதிருவென்று விழித்தாள். நானே சொன்னேன்.

1886-ல் சென்னையில் பிறந்தவர். பாவாடை கட்டும் வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் போய்விட்டார். அந்தக் காலத்தில் அவர் குலத்தில் அப்படிப்பட்ட சிறுமிக்குத் தலையை மழித்து, மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அவரைப் பெற்றவர்களோ படிக்க வைத்தார்கள். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். மறு வருஷமே, தம்மைப் போன்ற இளம் விதவைகளைக் கூட வைத்துக்கொண்டு படிக்க வைக்க ஆரம்பித்தார். பெண்கள் பெருகவே, விடுதி திருவல்லிக்கேணி கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கட்டடம் அது! மூலையில் கிடக்க வேண்டிய பெண்கள் அங்கிருந்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். பக்கத்துக் குப்பத்து மீனவர் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். 1958-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் ஜனங்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் “சிஸ்டர்” என்பதுதான்.

பக்கத்து வீட்டுப் பெண், மடியில் பிள்ளையோடு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயசு. போன வருஷம் கணவர் மௌத்தாகிவிட்டார். இத்தா முடிந்தும் பல மாதங்கள் ஆகின்றன.

“அக்கா, நான் ஒன்பதாவதோட நின்னவ. இப்ப பத்தாவது எழுத முடியுமா?” என்றாள், தரையைப் பார்த்தபடி.

எனக்குச் சுருக்கென்றது. அவளைப் பார்த்த போதெல்லாம் “பாவம், சின்ன வயசு” என்று உச்சுக் கொட்டியிருக்கிறேன். “உனக்கு என்னம்மா ஆசை?” என்று ஒரு நாளாவது கேட்டேனா?

மறுநாளே இருவருமாகப் போய் விசாரித்தோம். எட்டாவது தேறியிருந்தால் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். இப்போது மத்தியானத்தில் பிள்ளை என் மடியில். அவள் கையில் புத்தகம். கணக்குதான் உதைக்கிறதாம்!

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். அடுத்த தடவை “பாவம்” என்று வாய் வரும்போது அதை விழுங்கிவிட்டு, “என்ன செய்ய ஆசை?” என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதோடு நிற்காமல், அவள் பிள்ளையை இரண்டு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகளின் பேச்சில் “தியாகச் சுடர்” இப்போது இல்லை. அந்த இடத்தில் ஐஸ் ஹவுஸ் வந்துவிட்டது.