வேகம் வேண்டாம், இழுவை போதும்

பனியே விழாத நம் ஊரில், ஸ்னோமொபைல் என்றாலே சீறிப் பாயும் வண்டிதான் நினைவுக்கு வரும். 1959இல் கனடாவின் கியூபெக்கில் ‘ஸ்கி-டூ’ விற்பனைக்கு வந்தது. அந்த ஊர்ப் பக்கம் பழைய வண்டிக்கு வேறொரு வேலை தருகிறார்கள்: பின்னால் கனமான சட்டத்தை இழுத்துப் பனிப்பாதையைச் சமன்செய்வது.

இதற்கு அகலமான ரப்பர் பட்டையும், காற்றாடியால் குளிரும் இயந்திரமும் உள்ள பழசுதான் என் தேர்வு. நீரால் குளிரும் பல புதிய வண்டிகளுக்குப் பட்டை வாரியிறைக்கும் பனி வேண்டும். இறுகிய பாதையில் மெதுவாகப் போனால் அது போதாமல் சூடேறிவிடும். சங்கிலியின் மேல் பல்சக்கரத்தைச் சிறிதாக மாற்றினால் வேகம் குறையும், இழுவை கூடும்.

சமன்செய்த பாதையை ஓர் இரவு சும்மா விட வேண்டும். பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய பிறகே அது ஆள் தாங்கும்.