பூப்போட்ட சிங்கம்

சிங்கத்தின் உடம்பில் பூ பூக்குமா? மரியா பிரிமாசென்கோ வரைந்தால் பூக்கும். அவருடைய மிருகங்களுக்குப் பெரிய பெரிய கண்கள், அதில் நீள நீளமாக இமைகள். உடம்பெல்லாம் புள்ளி, கோடு, பூ. பயமுறுத்த வந்ததா, விருந்துக்கு வந்ததா என்று சட்டென்று சொல்ல முடியாது!

உக்ரைனில், கீவ் வட்டாரத்தில் உள்ள போலோட்னியா கிராமத்தில் 1909-ல் பிறந்தவர் மரியா. சின்ன வயதிலேயே போலியோ தாக்கியது. பள்ளிக்கூடம் போனது நாலு வருடம்தான். வாத்து மேய்க்கப் போன இடத்தில் குச்சியால் மணலில் பூ வரைந்தார். பிறகு நீலக் களிமண்ணை எடுத்து வந்து வீட்டுச் சுவரில் வரைந்தார். பார்த்தவர்கள், ‘எங்கள் வீட்டுக்கும் வரைந்து கொடு’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஓவியம் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அதனால், சிங்கம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவும் யாரும் இல்லை.

1937-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிவரை அவர் ஓவியங்கள் போயின. ஆனால், அடுத்து வந்த யுத்தம் அவர் துணைவரைக் கொண்டுபோய்விட்டது. கைக்குழந்தையோடு நின்றார் மரியா.

அதன் பிறகு அந்த மிருகங்களைப் பாருங்கள்... விளையாட்டு மட்டும் இல்லை என்பது புரியும். 1978-ல் ஒரு விநோத மிருகத்தை வரைந்து அவர் வைத்த பெயர், ‘அணு யுத்தம் நாசமாய்ப் போகட்டும்!’ கிராமத்துப் பாட்டி தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுவது போல இல்லை? யுத்தத்துக்கு முகம் கிடையாது. திட்டுவதற்காகவாவது அதற்கு ஒரு முகம் வேண்டும் என்று மிருக முகத்தைக் கொடுத்தார் போலும்.

1997-ல் மரியா இறந்தார். யுத்தம் மட்டும் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் அவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இவான்கிவ் அருங்காட்சியகம் தீப்பிடித்து எரிந்தது. உள்ளே மரியாவின் ஓவியங்கள்! ஊர்க்காரர்கள் புகைக்குள் புகுந்து, கைக்குக் கிடைத்ததை வெளியே கொண்டுவந்தார்கள். உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியது தங்கத்தை அல்ல. உலகத்தில் எங்குமே இல்லாத மிருகங்களை.

உங்கள் வீட்டுக் குட்டி நாளைக்கு நீலச் சிங்கம் வரைந்து நீட்டினால், ‘சிங்கம் நீலமாவா இருக்கும்?’ என்று கேட்காதீர்கள். ‘இதுக்கு என்ன பேரு?’ என்று கேளுங்கள்.