தொலைவின் விலை

கல்லூரித் தாயின் விழாமலரில் பழைய நினைவுகளைப் போற்றுதல் மரபு. அம்மரபை மீறாமலே, மலையகக் குடும்பங்களின் வருவாயை அரித்துவரும் ஒரு செலவைப் பற்றியும் ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம். அது வீட்டுக்கும் பெருந்தெருவுக்கும் இடைப்பட்ட தொலைவினால் நேரும் செலவாகும்.

தேயிலைத் தோட்டங்களை வகுத்தோர் லயங்களை வேலைத்தலத்துக்கு அணித்தாக அமைத்தனர்; தொழிலாளர் நகருக்குச் செல்லவேண்டிய தேவையை அவர்கள் கருதினாரல்லர். 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்த புகையிரதப் பாதை தோட்ட விளைபொருளை நோக்கியே இடப்பட்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சென்ற சிறு பாதையோ, மோட்டார் வாகனப் போட்டிக்கு ஆற்றாது 1940களில் மறைந்தொழிந்தது.

இன்று தோட்டத்துப் பிள்ளைகள் உயர்தரக் கல்விக்கும் கடை வேலைக்கும் நகரை நாடுகின்றனர். பல தோட்டங்களில் பஸ் வண்டியைப் பிடிக்குமுன் முச்சக்கர வண்டிக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். 2021 இறுதியில் லீற்றர் 177 ரூபாவாயிருந்த பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. ஒருநாள் உழைப்பின் பயன் இரண்டு லீற்றர் பெற்றோலுக்குச் சற்றே மிகுதி! பின்னர் எண்ணெய் விலை ஓரளவு தணிந்தது, தொலைவோ குறைந்தபாடில்லை.

லயங்களை விட்டு 7 பேர்ச் காணியில் தனிவீடு பெறுதல் மலையகத்தாரின் நெடுநாள் வேட்கை. அதனை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆயின், தேயிலைக்கு உதவாத மேட்டு நிலமே குடியிருப்புக்குப் போதுமென ஒதுக்கப்படுமாயின், வீடு கிடைத்தும் வழி கிடையாது. "முதலில் வீடு, பின்னர் வீதி" என்பாரும் உளர். வீதியைப் பின்னர் செப்பனிடலாம். கட்டிய வீட்டை இடம்பெயர்த்தல் ஒல்லுமோ? 2014இல் மீரியபெத்தையைக் கண்ட நாம் மண்சரிவு அச்சத்தையும் மறந்தோமில்லை. பாதுகாப்பான நிலம் அரிதென்பதனாலேயே, அத்தகைய நிலம் பெருந்தெருவை அடுத்திருக்குமிடத்து அதனைக் குடியிருப்புக்கே முதலில் வழங்குதல் வேண்டும். அஃது இயலாவிடத்து, காலையும் மாலையும் தோட்டத்துக்குள் வரும் பஸ் சேவையை வீட்டுத் திட்டத்தின் ஓர் அங்கமாகவே கொள்ளல் வேண்டும்.

எம் பழைய மாணவருள் அரச அலுவலகங்களிலும் பொறியியற் றுறையிலும் பணிபுரிவோர் உளர். அன்னார்க்கு எமது வேண்டுகோள் ஒன்றே: குடியிருப்பு வரைபடத்தில் ஒப்பமிடுமுன், அவ்விடத்துப் பிள்ளை காலை ஏழரை மணிக்குள் பாடசாலையை எவ்வாறு அடையும், அதற்குப் பெற்றோர் எவ்வளவு கொடுக்கவேண்டும் என வினவுவீராக.