கம்பியில்லா வானிலைக் கருவி: வீட்டு மாடிக்கா, வயலுக்கா?

"நேற்று ராத்திரி நல்ல மழை" என்று டீக்கடையில் பேசிக் கொள்ளும் நான்கு விவசாயிகளைக் கேட்டால் நான்கு அளவு கிடைக்கும். ஒருவருக்கு அது ஓர் உழவு மழை. இன்னொருவருக்கு வாய்க்கால் ஓடிய மழை. மூன்றாமவர் வாசலில் கிடந்த வாளி நிரம்பியதைச் சொல்வார். நான்காமவர் ஊரில் பெய்தது, தன் கொல்லையில் தூறலோடு போய்விட்டது என்பார். விதைக்கும் உரத்துக்கும் ஆள் கூலிக்கும் காசு காசாகக் கணக்கு வைக்கும் விவசாயி, எல்லாவற்றுக்கும் மூலமான மழைக்கு மட்டும் கணக்கு வைப்பதில்லை.

தற்போது கம்பியில்லா வானிலைக் கருவிகள் கடைகளிலும் தபால் மூலமும் கிடைக்கின்றன. வெளியே ஒரு கம்பத்தில் மழைமானி, காற்றின் வேகம் காட்டும் கிண்ணங்கள், திசைகாட்டி, வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் சென்சார் ஆகியவை இருக்கும். அவை அளந்ததைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை வானொலி அலை மூலம் வீட்டுக்குள் உள்ள பெட்டிக்கு அனுப்பும். விலை பல ஆயிரம் ரூபாய். வசதியுள்ள சில விவசாயிகள் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது தேவையா என்ற கேள்விக்கு விடை, தேவைதான். ஆனால் பலரும் வாங்கும் முறையிலும் மாட்டும் இடத்திலும் அல்ல.

தேவை எங்கே வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆடிப்பட்டத்தில் மானாவாரி நிலக்கடலை விதைக்க ஏக்கருக்கு 50 கிலோவுக்குக் குறையாமல் விதைப் பருப்பு வேண்டும். ஒரு மாலை மழை சடசடவென்று அடித்து ஓய்ந்ததும், பட்டம் தவறிவிடுமே என்ற அவசரத்தில் மறுநாளே ஏர் பூட்டி விடுகிறார்கள். பெய்தது 10 மில்லிமீட்டர் என்றால் மேல் மண்தான் நனைந்திருக்கும். விதை அந்த ஈரத்தைக் குடித்து முளை விடும். அடி மண்ணில் ஈரம் இல்லாததால் அடுத்த நான்கு நாள் வெயிலில் முளை கருகும். கடன் வாங்கிய விதை அதோடு போயிற்று. 20 முதல் 25 மில்லிமீட்டர் பெய்து, மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தால் ஒரு சாண் ஈரம் தெரிய வேண்டும். 10 மில்லிமீட்டருக்கும் 25 மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் ஓட்டின் மேல் விழும் சத்தத்தில் தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

இறவை நிலத்திலும் இதே கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். ஏக்கருக்கு அது சுமார் 4,000 லிட்டர். 15 மில்லிமீட்டர் பெய்தால் 60,000 லிட்டர் நிலத்தில் விழுந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி ஓடிப் போனாலும் அடுத்த தண்ணீரைத் தள்ளி வைக்கலாம். கிணறு வற்றிக் கிடக்கும் ஊர்களில் ஒரு தண்ணீர் மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை.

பக்கத்து ஊரில் அரசு மழைமானி இருக்கிறதே, வட்டார அளவில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தானியங்கி நிலையம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கின்றன, அவை வேண்டியவையும் கூட. ஆனால் மழை வட்டார எல்லை பார்த்துப் பெய்வதில்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் திருச்செந்தூரில் 69 செ.மீ. இரண்டும் பெருமழைதான். ஆனாலும் இடையில் 26 செ.மீ. வித்தியாசம். கோடை மழையிலும் இடி மழையிலும் ஒரு ஓடைக்கு இந்தப் பக்கம் வயல் நிறைந்து, அந்தப் பக்கம் புழுதி பறப்பதை விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாடியில் மாட்டினால் மாடியின் வெயில்

வாங்கியவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு, கருவியை வீட்டு மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டி விடுவது. வீடு ஊருக்குள் இருக்கும். வயல் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மாடியின் தளம் பகலெல்லாம் காய்ந்து வெப்பத்தை மேலே வீசும். கருவி காட்டும் வெப்பம் தளத்தின் வெப்பமே தவிர பயிரின் வெப்பம் அல்ல. தண்ணீர்த் தொட்டியும் பக்கத்து வீட்டு மாடியும் காற்றைத் திருப்பி விடும். சாய்வாக அடிக்கும் மழையைச் சுவர் மறைத்துவிடும். இப்படி மாட்டிய கருவி விருந்தாளிகளுக்குக் காட்ட உதவும்.

கருவி இருக்க வேண்டிய இடம் வயல். அலை எவ்வளவு தூரம் போகும் என்பது இங்கே முக்கியம். பெட்டியின் மேல் 100 மீட்டர் என்று அச்சிட்டிருந்தால் அது வெட்டவெளிக் கணக்கு. இடையில் இரண்டு சுவர், ஒரு தகரக் கூரை, இரும்புக் கதவு வந்தால் அதில் பாதி கூட எட்டாது. ஆகவே காட்டும் பெட்டியை வீட்டில் வைக்க ஆசைப்படாமல், மோட்டார் கொட்டகையிலேயே நனையாத இடத்தில், இரும்புப் பெட்டிக்கும் ஸ்டார்ட்டருக்கும் ஒட்டாமல் வைப்பது நல்லது. மோட்டார் போடப் போகும் விவசாயி அங்கேயே அளவைப் பார்த்துக் கொள்வார். செல்போனில் பார்க்கலாம் என்று விற்பவர் சொல்வார். அதற்குக் கொட்டகையில் இணைய வசதியும் வேண்டும் என்பதை அவர் சொல்லாமலும் இருக்கலாம்.

கம்பத்தை மரத்திலிருந்து தள்ளி நட வேண்டும். பத்தடி உயரக் கொட்டகை இருந்தால் மழைமானி குறைந்தது இருபதடி தள்ளி இருக்க வேண்டும். தென்னைக்கு இன்னும் தூரம். வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் சென்சார் நாலடி முதல் ஐந்தடி உயரத்தில் நிழல் கூட்டுக்குள் இருந்தால் போதும். காற்றை முறைப்படி 10 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். விவசாயிக்கு வேண்டியது மருந்தடிக்கும் உயரத்தில் வீசும் காற்று; பயிருக்கு மேல் ஆறேழு அடி போதும். மழைமானி ரசமட்டம் வைத்துப் பார்த்து நேராக நிற்க வேண்டும். சூரிய ஒளித் தகடு தெற்கு நோக்கி இருக்கட்டும். திசைகாட்டியின் வடக்குக் குறியைச் சரியாக வைக்காவிட்டால் வாடையைக் கோடை என்றும், கொண்டலைத் தென்றல் என்றும் கருவி சொல்லும். கருவி காட்டும் திசை, காற்று வரும் திசை. கிராமத்தில் காற்றுக்குப் பெயர் வைத்த முறையும் அதேதான்.

நம்பக் கூடாத படம்

பெரும்பாலான பெட்டிகளில் சூரியன், மேகம், மழைத்துளி என்று ஒரு படம் வரும். நாளைய வானிலை அது என்பார்கள். இந்தப் படத்தைப் பார்த்து யாரும் விதைக்கவோ அறுக்கவோ கூடாது. காற்றழுத்தம் இறங்கினால் மழை, ஏறினால் வெயில் என்ற கணக்கில் அது வருகிறது. குளிர் நாடுகளில் அது ஓரளவு சரி. வெப்ப நாடுகளில் காற்றழுத்தம் தினந்தோறும் காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்கு ஏறி, மாலை நான்கு மணி வாக்கில் இரண்டு மூன்று மில்லிபார் இறங்குவது வழக்கம். வானம் நீலமாக இருக்கும். பெட்டியில் மேகம் ஏறியிருக்கும். புயல் நெருங்கும்போது அழுத்தம் இறங்குவது உண்மை. ஆனால் அதற்கு வானிலைத் துறையின் எச்சரிக்கை இருக்கிறது. பெய்ததை அளக்கக் கருவி, பெய்யப் போவதை அறிய வானிலை அறிக்கை என்று பிரித்துக் கொள்வதே முறை.

படத்தை விட்டுவிட்டு எண்களைப் பார்த்தால் உபயோகம் நிறைய உண்டு. மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 20 டிகிரி அளவுக்குத் தணிந்து, ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் நாள்தோறும் நின்று, காலை வெகுநேரம் வரை இலையில் பனி தங்கினால் நெல்லில் குலைநோய்க்கு அது வரவேற்பு. அந்த நாட்களில் வரப்பில் நின்று பார்க்காமல் வயலுக்குள் இறங்கி இலையைப் பார்க்க வேண்டும். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டக் கூடாது. காற்றின் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் கைத்தெளிப்பான் தோளில் ஏற வேண்டாம். மருந்து பக்கத்து வயலுக்கும் தெளிப்பவர் முகத்துக்கும் போகுமே தவிர பூச்சிக்குப் போகாது.

கணக்கு எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. வானிலைத் துறையின் மழையளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. கடைக் கருவிகளில் பலவும் நள்ளிரவில் நாளை முடித்து விடும். இரவு முழுக்கப் பெய்த மழை இரண்டு நாளாகப் பிரிந்து நிற்கும். தினம் 8.30க்கு மொத்த அளவைக் குறித்து முந்தைய நாளின் அளவைக் கழித்து எழுதினால் அரசு அளவோடு ஒப்பிடலாம். ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும்.

அரசு அளவோடு ஒப்பிடுவதில் விவசாயிக்குக் கசப்பும் உண்டு. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் அறிவிக்கப்பட்ட நிலையத்தின் அளவுதான் செல்லும். வயலில் வாடி நின்ற பயிரோ, சொந்தக் கருவியோ செல்லாது. கருவி வாங்கினால் இழப்பீடு வரும் என்று யாராவது சொல்லி விற்றால் அதை நம்ப வேண்டாம். ஆனால் ஒரு கிராமத்தில் நான்கைந்து பேர் பல வருஷம் ஒரே நேரத்தில் அளந்து எழுதிய நோட்டு இருந்தால், தங்கள் ஊர் மழை வேறு, நிலையத்து மழை வேறு என்று குறைதீர் கூட்டத்தில் எண்ணோடு பேசலாம். "மழையே இல்லீங்க" என்று கைகட்டிச் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அப்படிப்பட்ட பதிவுகளைச் சரிபார்த்து ஏற்க அரசும் ஒரு வழி செய்வதே நியாயம்.

பணம் இல்லாதவர் முதலிலேயே பெரிய கருவிக்குப் போக வேண்டியதில்லை. சில நூறு ரூபாயில் கிடைக்கும் கோடு போட்ட மழைமானியில் தொடங்கலாம். பக்கம் நேராகவும் அடி தட்டையாகவும் உள்ள டப்பாவும், உள்ளே அளக்க ஓர் அளவுகோலும் கூடப் போதும். ஒரு பருவம் விடாமல் எழுதியவர்தான் கருவி வாங்கத் தகுதியானவர். அடுத்தடுத்து நிலம் உள்ள நான்கைந்து பேர் பணம் போட்டு ஒரு கருவி வாங்கினால் பாரம் குறையும். மழைமானியை மட்டும் ஆளுக்கொன்று வைத்துக் கொள்ளலாம்.

வாங்கிய பின் பராமரிப்பு. மழைமானிக்குள் சின்னத் தராசு போல ஆடும் இரட்டைக் கரண்டி இருக்கும். ஒரு பக்கம் நிறைந்ததும் கவிழ்ந்து எண்ணிக்கை ஏறும். புனலில் ஒரு வேப்பிலை அடைத்தாலும், கரண்டியில் சிலந்தி நூல் கட்டினாலும், கொட்டுகிற மழையில் கருவி பூஜ்யம் காட்டும். நிழல் கூட்டுக்குள் குளவி கூடு கட்டும். காக்கையும் மயிலும் உட்காரக் கம்பத்தைத் தேடி வரும். பேட்டரி கசிந்து உப்புப் பூத்தால் உள்ளே தகடு அரித்துவிடும். வருஷம் ஒருமுறை மாற்றுவது மேல். அடைமழையில் கரண்டி கவிழும் வேகம் போதாமல் அளவு சற்றுக் குறையும் என்பதால் சாதாரண மழைமானியையும் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது.

ஐப்பசி பிறக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். புனல் வாயின் உள் குறுக்களவு 11 செ.மீ. என்றால் அதன் பரப்பு 95 சதுர செ.மீ. அப்படியானால் 95 மில்லி தண்ணீர் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அந்த 95 மில்லியை ஊசித் துளையிட்ட டம்ளரில் ஊற்றிப் புனலின் மேல் வைத்து, அரை மணி நேரம் சொட்டு சொட்டாக இறங்க விட வேண்டும். பெட்டி 9 முதல் 11க்குள் காட்டினால் கருவி மழைக்குத் தயார். 6, 7 என்று காட்டினால் புனலைக் கழற்றிக் கரண்டியைத் துடைத்து, கம்பம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி ஊற்ற வேண்டும். சோதனைத் தண்ணீரின் கணக்கை நோட்டில் மழையாக எழுதிவிடக் கூடாது.